சிற்றுண்ணியின் தோலும் அதன் டி.என்.ஏ.யும்

மிளகாய்க் குருத்து சுருளக் கண்டதும் கமக்காரர் பலர் தெளிகருவியைத் தோளில் ஏற்றிவிடுகின்றனர். எதற்குத் தெளிக்கிறோம் என்பதை முதலில் அறிதல் வேண்டும். பனிப்பூச்சி தாக்கினால் இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும். மஞ்சட் சிற்றுண்ணி தாக்கினால் அவை கீழ்நோக்கிச் சுருளும், இலைக்காம்பும் நீளும். மைற்றா என்றும் வழங்கும் இச்சிற்றுண்ணி பூச்சியன்று. எட்டுக் கால்களையுடைய சிலந்தி வகுப்பைச் சேர்ந்தது. ஆதலால் பூச்சிகளுக்கென அடிக்கும் மருந்துகள் பலவற்றுக்கு அது மடிவதில்லை. அதனைத் தின்று வாழும் வேறு சிற்றுண்ணிகளே மடிகின்றன. தின்பவை ஒழிந்தபின் பீடை முன்னிலும் பன்மடங்காகப் பெருகும்.

தீமை செய்வதும் நன்மை செய்வதும் ஒரே இலையின் அடிப்புறத்திலேயே வாழ்கின்றன. மஞ்சட் சிற்றுண்ணியின் பெண் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் நீளமே உடையது. வெறுங்கண்ணால் இவற்றைப் பிரித்தறிய இயலாது. நிபுணர்கள் அதனைக் கண்ணாடித் தட்டில் ஏற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் முதுகிலுள்ள மயிர்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் பார்த்துப் பெயர் சொல்வர். கத்தரியைத் தாக்கும் செஞ்சிற்றுண்ணி வகைகளிலோ ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பக்கவாட்டில் பார்த்தாலன்றி இனத்தைத் துணிந்து கூற முடியாது. பெண்ணோ குஞ்சோ மாத்திரம் கிடைத்தால் டி.என்.ஏ. எனப்படும் பரம்பரைப் பதார்த்தம் கைகொடுக்கும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. டி.என்.ஏ.யைப் பெறுவதற்குச் சிற்றுண்ணியை நசுக்குவதே முன்னைய வழக்கம். நசுக்கியபின் பார்ப்பதற்கு எதுவும் எஞ்சாது. ஒரே இலையில் இரண்டு இனங்கள் கலந்திருந்தால், சோதித்தது எதனை என்று பின்னர் எவராலும் சரிபார்க்க முடியாது. பிழையான பெயரில் ஒருமுறை பதிவாகும் டி.என்.ஏ. வரிசை, அதனோடு ஒப்பிடும் ஏனையோரையும் வழிதவறச் செய்யும். பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். அச்செலவு கமக்காரரின் தலையிலேயே விழுகிறது.

இதற்குக் கண்ட வழி எளிது. சிற்றுண்ணியின் புறத்தோலில் கைற்றின் என்னும் பொருள் உண்டு. புரதத்தைக் கரைக்கும் நொதியம் கைற்றினைக் கரைப்பதில்லை. எனவே சிற்றுண்ணியை முழுமையாக ஒரு சிறு குழாயிலிட்டு, புரதியேசு கே என்னும் நொதியம் சேர்ந்த கரைசலில் ஏறத்தாழ 55 பாகை சதம வெப்பத்தில் சில மணி நேரமோ ஓரிரவோ வைப்பர். கரைசல் உட்புகுவதற்காக உடலின் ஓரத்தில் நுண்ணூசியால் ஒரு துளையிடுவாரும் உளர். முதுகு மயிர்கள் சிதையாதபடி அதனைச் செய்தல் வேண்டும். உள்ளிருக்கும் தசை கரைந்து டி.என்.ஏ. நீரில் சேர, பாம்புச் சட்டை போல வெறுந்தோல் எஞ்சும். தசை நீங்கிய அத்தோல் தெளிவாக இருப்பதால் மயிர்களை எண்ணுவதும் இலகு. கரைசலை உறிஞ்சும்போது தோலையும் சேர்த்து உறிஞ்சிவிடுவதே பெரும்பாலும் நேரும் இழப்பு. ஆதலின் அவ்வேலையை உருப்பெருக்கியின் கீழ் மெல்லச் செய்தல் நன்று.

தோலைக் கழுவித் தட்டில் ஏற்றுவர். கிடைத்த டி.என்.ஏ. மிகச் சிறிதாதலால், பொலிமரேசுச் சங்கிலித் தாக்கத்தினால் அதன் ஒரு பகுதியைப் பல கோடியாகப் பெருக்கி வரிசையை வாசிப்பர். தட்டுக்கும் குழாய்க்கும் ஒரே இலக்கமிடுதல் இன்றியமையாதது.

எல்லாச் சிற்றுண்ணிக்கும் இது ஒரே அளவில் பயன்படாது. 1997 ஆம் ஆண்டு கற்பிட்டிப் பகுதியில் காணப்பட்ட தென்னைச் சிற்றுண்ணி புழுப்போன்ற மெல்லுடலி. அதன் தோல் எளிதிற் சுருங்கிவிடும். அத்தகையவற்றில் அதே கூட்டத்திலிருந்து சிலவற்றை வேறாகத் தட்டில் ஏற்றி வைப்பது வழக்கம். இத்தென்னைப் பீடையின் டி.என்.ஏ.யை ஒப்பிட்டு 2005 இல் வெளியான ஆய்வொன்று, அமெரிக்கக் கண்டத்தில் அது பலவாறு வேறுபடுவதையும், ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பெரிதும் ஒரே மாதிரியாக இருப்பதையும் காட்டியது. அமெரிக்காவே அதன் தாயகம் என்பதற்கு இது சான்றாயிற்று.

மாதிரி அனுப்ப விரும்புவோர் மருந்து தெளிப்பதற்கு முன்னரே சுருண்ட குருத்துக்களைக் கொய்து, வாடாமல் அன்றே போதனாசிரியரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். போமலினில் இடலாகாது, அது டி.என்.ஏ.யைக் கெடுக்கும். உடன் அனுப்ப இயலாதவிடத்துப் போதனாசிரியர் அவற்றை 95 சதவீத எதைல் அற்ககோலில் இட்டு வைப்பார். பயிர், ஊர், திகதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிக் குழாயினுள்ளேயே இடுக. மை அற்ககோலிற் கரைந்துவிடும்.