பழைய நேரமும் புதிய நேரமும்

கட்டுகஸ்தோட்டையில், மகாவலி கங்கைக் கரையோரத்து வீடொன்றில், 1998ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் காலை ஆறு மணிக்கு ஒரு பெண்மகவு பிறந்ததென்று கொள்வோம். இன்று அப்பெண்ணுக்குத் திருமணப் பேச்சு நடைபெறுகிறது. பிறந்த குறிப்புச் சென்னையிலுள்ள சோதிடருக்குப் போகிறது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரந்தானே என்றெண்ணி, அவர் ஆறு மணியையே வைத்துச் சாதகம் கணித்துவிடுகிறார். கணக்கு அரை மணித்தியாலம் பிசகிவிட்டது. லக்கினம் மாறும் தறுவாயிற் பிறந்த பிள்ளையாயின் சாதகமே வேறாகிவிடும். சோதிடத்தை நம்பாதாரும் கணக்குப் பிழையைப் பிழையென்றே கொள்வர்.

இப்பிழை எங்ஙனம் நேர்ந்தது? கிரீனிச்சு நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரத்தை இலங்கை 1906இல் ஏற்றது. போர்க்காலத்தில், 1942இல், மணிக்கூடு இருமுறை முன்தள்ளப்பட்டு, 1945இல் பழைய நிலைக்கு வந்தது. பின்னர் மின்வெட்டு நாட்டை வாட்டிய 1996ஆம் ஆண்டு மே 25இல் ஒரு மணித்தியாலம் கூட்டினர். அவ்வாண்டே ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலத்தைக் குறைத்தனர். அந்த ஆறு மணித்தியாலக் கணக்கு 2006 ஏப்ரல் 15 வரை நிலைத்தது. எனவே நம் பெண் பிறந்த வேளையில் சென்னையில் மணி ஐந்தரையே.

இவற்றையெல்லாம் மனத்தில் இருத்த வேண்டியதில்லை. லினக்ஸ் கணினியில் 'டேட்' என்றொரு சிறு கட்டளை உண்டு. படமோ பொத்தானோ கிடையாது. முனையம் எனப்படும் சாளரத்தைத் திறந்து, சொல்லைத் தட்டெழுத வேண்டும். தனியே எழுதினால் இன்றைய நாளையும் நேரத்தையும் சொல்லும். அதன்பின் சிறு கோடிட்டு 'டீ' என்னும் எழுத்தையும், மேற்கோட் குறிக்குள் வேண்டிய நாளையும் இட்டால், அந்நாளைக் கணித்துத் தரும். ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுவதே நன்று. சாய்கோடிட்டு 10/05 என்றெழுதினால், அமெரிக்க வழக்கப்படி ஒக்டோபர் 5 என்று கொண்டுவிடும்! விண்டோசில் இதே பெயருடைய கட்டளை வேறானது. அது கணினியின் நாளையே மாற்றச் சொல்லிக் கேட்கும்.

ஊர்மாற்றந்தான் இதன் சிறப்பு. கட்டளைக்கு முன்னே 'டிஇசட்' என்றெழுதிச் சமன்குறியிட்டு 'ஏசியா/கொல்கத்தா' என்றும், மேற்கோளுக்குள் நாளுக்கு முன்னே அவ்வாறே 'ஏசியா/கொழும்பு' என்றும் குறித்தால், கொழும்பு ஆறு மணி ஐந்தரையாக மாறி வரும். உள்ளே இதன் வேலை எளிது. 1970 சனவரி முதல் நாள் கிரீனிச்சு நள்ளிரவிலிருந்து கழிந்த செக்கன்களாக எந்நேரத்தையும் மாற்றிவிட்டு, பின் அவ்வவ்வூர் வழக்கில் எழுதும். நூறு கோடியாவது செக்கன் 2001 செப்டம்பர் 9இல் வந்தது. அப்போது கண்டியில் காலை 7 மணி 46 நிமிடம், சென்னையில் 7 மணி 16 நிமிடம்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கணினியின் ஏட்டில் இலங்கை முழுமைக்கும் கொழும்பு ஒன்றே பெயர். அக்காலத்தில் வன்னியில் விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டன. அங்கே பிறந்த பிள்ளைக்கு இக்கட்டளை அரை மணித்தியாலத்தை வீணே கழித்துவிடும். அவ்வீட்டு மணிக்கூடு எந்த நேரத்தைக் காட்டியது என்பதைத் தாயிடமே கேட்டறிதல் வேண்டும்.