மெழுகுவத்தி ஸ்டாண்டுக்கு எதுக்கு மரம்?

இந்த எபிசோட் பீங்கான் மெழுகுவத்தி ஸ்டாண்ட் பத்தி. சிரிக்காதீங்க, உள்ளே ஒரு நல்ல இன்ஜினியரிங் பிரச்சினை இருக்கு.

1760கள். லண்டனில் செல்சி, பௌ என்று ரெண்டு பீங்கான் தொழிற்சாலைகள். நாலு பருவங்களையும் மனுஷ உருவமாக்கி, அதையே மெழுகுவத்தி ஸ்டாண்டா வித்தாங்க. வசந்தம் கையில பூ, கோடை கையில கோதுமைக் கதிர், இலையுதிர் காலத்துக்குத் திராட்சைக் குலை. குளிர்காலம் மட்டும் பெரும்பாலும் நெருப்புச் சட்டி பக்கத்துல குளிர்காயுற ஒரு கிழவர். ஜெர்மனியின் மைசன் ஆலை இந்த உருவங்களை முன்னாடியே செஞ்சிருந்தது. லண்டன்காரங்க அங்கிருந்து தாராளமா காப்பியடிச்சாங்க.

ஏன் பருவங்கள்? பணக்கார வீடுகள்ல ஸ்டாண்டை ஜோடி ஜோடியாத்தான் வைப்பாங்க. பருவம் நாலுன்னா ரெண்டு ஜோடி. ஒண்ணு வாங்கினவர் மிச்சத்தையும் வாங்கியே ஆகணும். நல்ல வியாபாரம்!

இப்போ பிரச்சினைக்கு வருவோம். சூளைக்குள்ள பீங்கான் கொஞ்சம் இளகும், சுருங்கவும் செய்யும். நிக்கிற உருவத்தோட மொத்த எடையும் ரெண்டு மெல்லிய கணுக்கால் மேல. அதுக்கும் மேல மெழுகுவத்தி செருகக் கிண்ணம் வேற வேணும். அப்படியே சுட்டா, உருவம் சாஞ்சுடும்.

அதுக்குத்தான் பின்னாடி அந்த மரம். அடிமரம்தான் தூண், உருவம் அதுல சாஞ்சு நிக்குது, கிண்ணமும் அதுலதான் உட்காருது. பார்க்கிறவங்க அதை வெறும் தோட்டக் காட்சின்னு நினைப்பாங்க. அந்த மாதிரி இலையும் பூவுமா எழும்புற பின்னணிக்கு 'போக்காஜ்' என்று பேர். பூக்களைத் தனித்தனியா செஞ்சு, நீர்த்த களிமண்ணைப் பசையா வச்சு ஒட்டுவாங்க. அந்தப் பொறுமை எனக்குச் சத்தியமா வராது.

மரம் காப்பாத்தினது உடம்பை மட்டும்தான். நீட்டிக்கிட்டு இருக்கிற விரலுக்கும் கதிருக்கும் எந்த ஆதரவும் இல்ல, அதனால முதல்ல உடையறது அதுதான். ஆனா உருவத்துக்குப் பேர் கொடுக்கறதே அந்தக் கதிர்தான். அது போச்சுன்னா, நிக்கிறது கோடையா வசந்தமான்னு கண்டுபிடிக்கத் திணறணும். செட்டும் காலப்போக்குல பிரிஞ்சுபோகும், ஒப்பிட்டுப் பார்க்க மத்த மூணும் பக்கத்துல இருக்காது. கிழவர் பாடு தேவலை. தாடியும் போர்வையும் உடம்போட ஒட்டியே இருக்கு, கை உடைஞ்சாலும் அவர் குளிர்காலம்தான்.

பழைய பீங்கான் ஸ்டாண்ட் ஏதாவது உங்க கையில கிடைச்சா, மெழுகைக் கத்தியால சுரண்டாதீங்க. இதழும் சேர்ந்து வந்துடும்.