தலைகீழாக்குவது ஏன்?

கணிதம் அறிந்தவருக்கு அதைக் கற்பிக்கவும் தெரியும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் பின்னங்களின் வகுத்தல் வந்தது. "வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்றேன். "ஏன் அண்ணா தலைகீழாக்கணும்?" என்று கேட்டாள். "அதுதான் விதி" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுக் கணக்கைப் போட்டாள். விடையும் சரியாகவே வந்தது. ஆனால் கணிதப் பட்டவகுப்பில் மூன்றாம் ஆண்டு பயிலும் என்னால் அந்த 'ஏன்' என்பதற்கு விடை கூற முடியவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இக்குறை எனக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். லிப்பிங் மா என்னும் ஆய்வாளர் 1999-இல் ஒரு நூல் வெளியிட்டார். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் 1¾ ÷ ½ என்பதைக் கொடுத்து, அதற்குப் பொருந்தும் வாழ்க்கைக் கணக்கு ஒன்று சொல்லுமாறு அவர் கேட்டார். அமெரிக்க ஆசிரியர் 23 பேரில் ஒருவரே பொருள் பிழையாமல் சொன்னார். சீன ஆசிரியர் 72 பேரில் 65 பேர் சொன்னார்கள். அமெரிக்கரோ பட்டம் பெற்றவர்கள். சீனரோ பள்ளிப்படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் சேர்த்துப் பதினொன்று, பன்னிரண்டு ஆண்டுகளே படித்தவர்கள்!

பிழை எங்கே நேர்ந்தது? அரையால் வகுப்பதையும் இரண்டாகப் பங்கிடுவதையும் பலர் ஒன்றென மயங்கினர். ஒன்றே முக்கால் லிட்டர் பாலை இருவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ⅞ லிட்டர். அதே பாலை அரை லிட்டர்ச் செம்பால் அளந்தால் மூன்றரைச் செம்பு. இந்த இரண்டாவதே அரையால் வகுத்தல். ஒரு லிட்டருக்கு இரண்டு செம்பு; ஆகவே 1¾ × 2 = 3½. செம்பு முக்கால் லிட்டர் கொள்வதானால், ஒரு லிட்டருக்கு 4/3 செம்பு. ஆகவே 4/3-ஆல் பெருக்குகிறோம். தலைகீழாக்குவதன் பொருள் இதுதான்.

சீன ஆசிரியர்களுக்கு இத்தெளிவு எங்கிருந்து வந்தது? பணியில் சேர்ந்த பிறகே அதிகம் வந்தது. ஒரே பள்ளியின் கணித ஆசிரியர்கள் குழுவாக அமர்ந்து பாடநூலை ஆராய்வது அங்கே வழக்கம். ஜப்பானில் இதைப் போன்ற முறைக்கு 'ஜுகியோ கென்க்யூ' என்று பெயர். பாட ஆய்வு என்பது பொருள். ஆசிரியர் சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று மாணவர் எப்படிச் சிந்திக்கின்றனர் என்று குறிப்பெடுப்பர். பின்னர்க் கூடிப் பேசித் திருத்துவர். அங்கே ஆராயப்படுவது பாடமே, ஆசிரியர் அல்லர். ஆகவே யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

அவர்களது ஆய்வு மிக நுணுக்கமானது. கடன் வாங்கிக் கழித்தலைத் தொடங்க 13 − 9 நல்லதா, 12 − 7 நல்லதா? முன்னதில் பத்திலிருந்து ஒன்பதைக் கழித்து, மீதி ஒன்றை மூன்றோடு கூட்டும் வழி குழந்தைக்கு எளிதில் தோன்றும். பின்னதில் ஏழை இரண்டும் ஐந்துமாகப் பிரித்துக் கழிக்கவும் குழந்தை முயலக்கூடும். எந்த எண்ணைத் தருகிறோமோ, அதற்கேற்பவே குழந்தையின் சிந்தனை அமைகிறது. இதைத் தனியே சிந்தித்துக் கண்டுகொள்வது அரிது. பலர் கூடிப் பார்த்தால் புலப்படும்.

நம்மில் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். அதற்கு முன்பே, மாதம் ஒரு மாலை நம் துறையில் கூடுவோம். ஒருவர் பள்ளிப்பாடம் ஒன்றை நடத்தட்டும். மற்றவர்கள் 'ஏன்' என்று கேட்கட்டும். பேராசிரியப் பெருமக்கள் உடனிருந்து நெறிப்படுத்த வேண்டுகிறேன்.

அச்சிறுமி இப்போது ஏழாம் வகுப்பு. சென்ற வாரம் அவள் வீட்டுக்குப் போய், செம்பும் தண்ணீரும் கேட்டு வாங்கி, ஓராண்டுக் கடனைத் தீர்த்தேன். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே, அண்ணா!" என்றாள். அப்போது எனக்குத் தெரியாது என்ற உண்மையை அவளிடம் ஒப்புக்கொண்டேன்.