உஷார்! கான்வென்ட் என்ற பேரை மட்டும் நம்பிப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்

பாயா ரும்புட், செங், குருபோங், தஞ்சோங் மின்யாக் வட்டாரத்துப் பெற்றோர்களே, முதலாம் ஆண்டுப் பதிவுக்கு ஐடிமி தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "கான்வென்ட்" என்றோ "செயின்ட்" என்றோ தொடங்கும் பள்ளிப் பெயரைத் தட்டப் போகிறீர்களா? தட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளையை முதலாம் படிவத்துக்கு மலாக்கா டவுன் மிஷன் பள்ளிக்கு அனுப்ப நினைப்பவர்களும் படியுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி, பிப்ரவரியில் அதே புலம்பலைக் கேட்கிறேன். "கான்வென்ட்னு நெனச்சுதான் போட்டோம், உள்ள போய்ப் பாத்தா வேற மாதிரி இருக்கு" என்கிறார்கள். அப்போது பிள்ளைக்குச் சீருடை தைத்தாகிவிட்டது, வேனுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் காத்திருந்த இடத்தையும் விட்டாகிவிட்டது.

அந்தப் பள்ளிகள் மோசம் என்று சொல்ல வரவில்லை. அங்கே படித்து நன்றாக வந்த பிள்ளைகள் நம் தாமான்களிலேயே இருக்கிறார்கள். நம் மனதில் இருக்கும் கான்வென்ட் வேறு, இன்று கதவு திறந்திருக்கும் பள்ளி வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் போவதுதான் ஆபத்து.

தோட்டத்தில் பால் மரம் சீவிய தலைமுறைக்குக் கான்வென்ட் என்றால் ஒரு கனவு. வெள்ளை அங்கி போட்ட சிஸ்டர், சுத்தமான ஆங்கிலம், சத்தமில்லாத வகுப்பறை, படித்து முடித்தால் கிராணி வேலையோ டீச்சர் வேலையோ உறுதி. அந்தக் கனவுக்கு அடிப்படை இருந்தது. 1852-இல் பினாங்கில் குழந்தை இயேசு சபைக் கன்னியர்களும் லா சால் பிரதர்களும் வந்திறங்கிய நாளிலிருந்து மலாயாவின் ஆங்கிலக் கல்வியில் பெரும்பங்கு அவர்களுடையது. மலாக்காவில் செயின்ட் பிரான்சிஸ் பள்ளி 1880-இல் தொடங்கியது. நகரத்துக் கான்வென்ட்டுகளில் போர்த்துக்கீசிய வம்சத்துப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பிள்ளை அங்கே போய்விட்டால் அது குடும்பத்துக்கே பெருமை.

ஆனால் 1970-இல் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக, ஆங்கிலப் போதனை மலாய்க்கு மாறியது. 1980-களின் தொடக்கத்தில் அந்த மாற்றம் முழுமையடைந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று இந்தப் பள்ளிகள் அரசாங்க உதவி பெறும் தேசியப் பள்ளிகள். நிலமும் கட்டடமும் பெரும்பாலும் மிஷனுக்குச் சொந்தமாக இருக்கும். ஆசிரியர் சம்பளம், பாடத்திட்டம், ஆசிரியர் மாற்றம் எல்லாம் கல்வி அமைச்சின் கையில். சிஸ்டர்களும் பிரதர்களும் ஓய்வு பெற்றுப் போனபின் பல பள்ளிகளில் அவர்களுடைய படம் மட்டும்தான் மண்டபச் சுவரில் இருக்கிறது. நிர்வாக வாரியம் ஒன்று இருக்கும். பள்ளியின் பழைய இயல்பைக் காப்பாற்ற அது போராடும், சில இடங்களில் நன்றாகவே போராடுகிறது. ஆனால் உங்கள் பிள்ளைக்கு யார் கணக்கு சொல்லிக் கொடுப்பார் என்பதை முடிவு செய்வது அந்த வாரியம் அல்ல.

ஆகவே "கான்வென்ட்டுல போட்டா இங்கிலீஷ் தன்னால வந்துரும்" என்பதை முதலில் கைவிடுங்கள். பாடமொழி மலாய். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் வேண்டுமென்றால், 2016-இல் தொடங்கிய டி.எல்.பி. எனும் இருமொழித் திட்டம் அந்தப் பள்ளியில் இருக்கிறதா என்று கேளுங்கள். பேரில் "செயின்ட்" இருப்பதால் அது இருந்துவிடாது. தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றிலும் அந்தத் திட்டம் நடந்திருக்கிறது, அதைச் சுற்றிப் பெரிய விவாதமே நடந்தது. இதற்காகத்தான் டவுனுக்கு அனுப்புகிறேன் என்றால், அனுப்பும் பள்ளியில் அது உண்டா என்று கூடக் கேட்காமல் அனுப்புவது என்ன நியாயம்?

இனி நான் மிகவும் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசியப் பள்ளிக்குச் சொல்லும் விளக்கத்திலேயே ஒரு வரி இருக்கிறது. பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர்கள் கேட்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்ய வேண்டும். ஒரு வகுப்பில் 15 பேர் வேண்டும் என்று நினைத்துப் பல பெற்றோர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சட்டம் சொல்வது பள்ளி முழுவதையும் சேர்த்து. முதலாம் ஆண்டில் மூன்று பேர், இரண்டாம் ஆண்டில் நான்கு பேர் என்று எல்லா ஆண்டும் சேர்ந்து 15 ஆனாலும் போதும். இடைநிலைப்பள்ளிக்கும் இதே விதிதான். ஆனால் "கேட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். யாரும் கேட்காவிட்டால் தமிழ் வகுப்பு கிடையாது. பதிவின்போது யாராவது உங்களைக் கூப்பிட்டு "உங்க பிள்ளைக்குத் தமிழ் வேணுமா?" என்று கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். நீங்களாகக் கேட்டாலும் ஆசிரியர் உடனே வருவதில்லை. வந்தாலும் வகுப்பு பள்ளி முடிந்தபிறகு மதியம் இரண்டு மணிக்கு நடக்கலாம். அந்த நேரத்தில் வேன் கிளம்பிவிடும். வேன் கிளம்பினால் தமிழும் போச்சு.

எனக்குத் தெரிந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பம். பெண்பிள்ளையைச் சர்ச் சம்பந்தப்பட்ட பள்ளி என்ற நம்பிக்கையில் முதலாம் ஆண்டிலிருந்தே டவுனில் சேர்த்தார்கள். பிள்ளை நன்றாகப் படித்தாள், பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கினாள், மலாயில் கட்டுரை எழுதினால் ஆசிரியை மற்ற பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவார். பதினோரு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலியில் அவளை வாசகம் வாசிக்கக் கூப்பிட்டார்கள். தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தாள். ஓர் எழுத்தும் தெரியவில்லை. கடைசியில் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகக் காதில் சொல்ல, அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். அந்தப் பள்ளியில் தமிழ்ப்பிள்ளைகள் இருபதுக்கு மேல் இருந்தார்கள் என்று அந்த அம்மாவுக்கு அப்புறம்தான் தெரிந்தது. யாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை. பள்ளியைக் குறை சொல்ல அவருக்கு மனமில்லை. "நாங்க கேக்கல" என்று மட்டும் சொன்னார். நான்காம் ஆண்டிலேயே விழித்துக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாமா என்று யோசித்தாலும் கஷ்டம்தான். மூன்றாண்டு தமிழ் எழுத்தே பார்க்காத பிள்ளை திடீரென்று தமிழில் அறிவியல் படிக்க வேண்டியிருக்கும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு முதலாம் படிவத்துக்கு மிஷன் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வேறொரு சிக்கல். மலாய்மொழியில் போதிய அடைவு இல்லையென்றால் நேரே முதலாம் படிவம் கிடையாது, புகுமுக வகுப்பில் ஓராண்டு. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு ஒழிக்கப்பட்டபின் வகுப்பறை மதிப்பீட்டை வைத்து இது முடிவாகிறது. பரீட்சை இல்லை என்று ஐந்தாம் ஆறாம் ஆண்டில் மலாயை அலட்சியமாக விட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து மொழியைப் பிடித்துக்கொண்டு பிறகு எஸ்.பி.எம்.மில் நல்ல பெயர் எடுத்த பிள்ளைகளும் உண்டு, அதைத் தண்டனையாகப் பார்க்காதீர்கள். ஆனால் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். தோழர்கள் எல்லாரும் முதலாம் படிவத்தில் உட்கார்ந்திருக்க, முதல் நாள் பள்ளி மண்டபத்தில் பெயர்ப்பட்டியல் வாசிக்கும்போது தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல அது.

சாலையையும் மறந்துவிடாதீர்கள். எஸ்.பி.ஏ. நெடுஞ்சாலையின் பெயரிலேயே பாயா ரும்புட் இருக்கிறது, சுங்கை ஊடாங், பாயா ரும்புட், ஆயர் குரோ என்பதன் சுருக்கம்தான் அது. சாலைக்குக் குறைவில்லை, காரும் லாரியும்தான் அதிகம். காலை ஏழு மணிக்கு ஏ.எம்.ஜே. சாலையில் செங் விளக்கு வரை நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் ஆனபிறகு பண்டார் ஹிலிர் பக்கம் நெரிசல் இன்னும் கூடியிருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையை இருட்டிலேயே எழுப்பி, வேனில் தூங்கவைத்து, மதியம் வெயிலில் அதே வேனில் சுற்றிச் சுற்றி வீட்டுக்கு மூன்று மணிக்குக் கொண்டுவருவது சின்ன விஷயமில்லை. அதோடு பழைய கான்வென்ட்டுகள் பெண்பிள்ளைகளுக்கு, பிரதர் பள்ளிகள் ஆண்பிள்ளைகளுக்கு. அண்ணனும் தங்கையும் இருக்கும் வீட்டில் இரண்டு பள்ளி, இரண்டு வேன், இரண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கம். ஒருவருடைய ஓவர்டைம் பணம் முழுவதும் அதற்கே போய்விடும்.

மதத்தைப் பற்றி இரண்டு பக்கமும் தப்பான நம்பிக்கை இருக்கிறது. இந்துக் குடும்பங்களில் சில பாட்டிமார், "அங்க போட்டா வேதத்துல சேத்துருவாங்க" என்று பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். கல்விச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. அரசாங்க உதவி பெறும் பள்ளியில் இஸ்லாம் அல்லாத சமயப் போதனை நடத்தலாம், ஆனால் அரசாங்கப் பணத்தில் நடத்தக்கூடாது, வேறு மதத்துப் பிள்ளை அதில் உட்கார வேண்டுமென்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். முஸ்லிம் அல்லாத பிள்ளைகளுக்கு வகுப்பு நேரத்தில் நன்னெறிக் கல்வி. ஏதாவது பாரத்தில் கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார்த்துப் போடுங்கள், அவ்வளவுதான். கத்தோலிக்கக் குடும்பங்களோ நேர்மாறாக, "அங்க சேத்தா ஞானோபதேசம் தானா கெடச்சிரும்" என்று நினைக்கிறார்கள். கிடைக்காது. மறைக்கல்விக்கு ஞாயிற்றுக்கிழமை பங்குச் சர்ச்சுக்கு அனுப்பியே ஆகவேண்டும்.

கட்டொழுங்கில்தான் குடும்பங்களின் அனுபவம் இரண்டாகப் பிரிகிறது. "முடி வெட்டலன்னா வாசல்லயே நிறுத்திருவாங்க, அதான் எம்புள்ள உருப்பட்டான்" என்று ஒரு அப்பா சொல்வார். இன்னொரு அம்மா, மகனை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டார்கள் என்று கண் கலங்குவார். விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். 1959-ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைப்படி பிரம்படி கொடுக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கும் அவர் அதிகாரம் கொடுத்தவருக்கும் மட்டும்தான். பெண்பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கவே கூடாது. மீறினால் முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போங்கள். வாட்ஸாப் குழுவில் கொட்டிவிட்டு அத்தோடு விட்டுவிடாதீர்கள்.

நல்லதையும் சொல்லாமல் போனால் அநியாயம். பல இனப் பிள்ளைகளோடு சின்ன வயதிலேயே பழகுவது, பேண்டு வாத்தியம், நூறாண்டு பழைய நூலகம், முன்னாள் மாணவர் சங்கங்கள் தரும் உதவி, ஆங்கிலத்தில் வெட்கப்படாமல் பேசும் சூழல் என்று இவை சில மிஷன் பள்ளிகளில் உண்மையாகவே இருக்கின்றன. நல்ல தலைமையாசிரியர் வாய்த்த காலத்தில் பிள்ளைகள் மலர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தலைமையாசிரியர் மாற்றலாகிப் போகிறவர். போன வருடம் உங்கள் அண்ணி சொன்னது இந்த வருடம் பொருந்தாது. நேரில் போய்ப் பாருங்கள்.

பள்ளி நிலம் குத்தகையா, அப்படியென்றால் அது எப்போது முடிகிறது என்றும் கேட்டு வையுங்கள். கோலாலம்பூரில் 1899-இல் தொடங்கிய புக்கிட் நானாஸ் கான்வென்ட்டின் நிலக் குத்தகை 2021-இல் முடியவிருந்த நிலையில் புதுப்பிப்பு மறுக்கப்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பள்ளி இன்றும் நடக்கிறது, ஆனால் அந்தப் பெற்றோர்கள் பட்ட பதற்றத்தை நாம் பட வேண்டாம். அதேபோல் ஆரம்பப்பள்ளியிலிருந்து அதே பெயருள்ள இடைநிலைப்பள்ளிக்குப் பிள்ளை தானாகப் போய்விடும் என்று வாய்வார்த்தையை நம்பாதீர்கள். முதலாம் படிவ இடத்தை ஒதுக்குவது கல்வி இலாகா. டவுனில் இருக்கும் மாமா வீட்டு முகவரியைப் போட்டுப் பதிவு செய்யும் வேலையும் வேண்டாம், சரிபார்க்கும்போது பிள்ளைதான் நடுவில் நிற்கும்.

"சரி, பிரைவேட் கத்தோலிக்கப் பள்ளிக்கே அனுப்பிடுவோம்" என்று கடன் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். கோலாலம்பூரில் ஸ்டெல்லா மாரிஸ், செயின்ட் ஜான்ஸ் இன்டர்நேஷனல் போன்றவை உண்டு, அவை வேறு உலகம், வேறு கட்டணம். எந்தத் தனியார் பள்ளியானாலும் கல்வி அமைச்சில் பதிவு பெற்றதா, கட்டிய பதிவுப்பணம் திரும்பக் கிடைக்குமா, எஸ்.பி.எம். மலாய்மொழித் தாள் எழுத வழி இருக்கிறதா என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவதை விட்டுவிட்டால் அரசாங்க வேலைக்கு மனுப் போடும் அன்றுதான் அடி விழும்.

அரசாங்க உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணம் நன்கொடைதான். கட்ட முடியவில்லையென்றால் பதிவை மறுக்கக்கூடாது. முடிந்தவர்கள் கொடுங்கள், முடியாதவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளையைத் திருப்பி அழைத்து வராதீர்கள்.

ஏற்கனவே சேர்த்துவிட்டவர்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையிடம் கேட்டு, பள்ளியில் இருக்கும் மற்ற தமிழ்ப்பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். அவர்களுடைய பெற்றோரை வேன் நிறுத்தத்திலோ கோயிலிலோ சர்ச்சிலோ பிடியுங்கள். பதினைந்து கையெழுத்து சேர்ந்ததும், தமிழ் வகுப்பு வேண்டும், அது பள்ளி நேரத்துக்குள் வேண்டும் என்று தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நகல் ஒன்று மத்திய மலாக்கா மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போகட்டும். இன்னும் சேர்க்காதவர்கள் பாயா ரும்புட் தமிழ்ப்பள்ளி வாசலையும் ஒருமுறை மிதித்துப் பார்த்து, அங்கே கேட்க வேண்டிய கேள்விகளையும் அதே கண்டிப்போடு கேட்டுவிட்டு, அப்புறம் ஐடிமியில் பெயரைத் தட்டுங்கள்.