எழுத்தெண்ணிப் படிக்க ஓர் இடம்

விரலால் தள்ளத் தள்ளத் தீராமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். அடுத்த பக்கத்துக்குப் போகப் பொத்தானை அழுத்தும் சிரமம் வாசகருக்கு வேண்டாம் என்று நினைத்தார். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். பொத்தானை அழுத்தும் அந்த ஒரு கணத்தில்தான் ‘போதும், படுக்கலாம்’ என்ற நினைப்பு வரும். அது பறிபோனதும், என்ன படித்தோம் என்றே தெரியாமல் நள்ளிரவாகிவிடுகிறது.

இதற்காக இணையத்தையே விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழ் வாசகருக்கு அது செய்திருக்கும் நன்மை கொஞ்சமல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரமும் பல நாட்டுத் தன்னார்வலர்களும் பழந்தமிழ் நூல்களை உட்கார்ந்து தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 90,000-க்கும் அதிகமான நூல்கள் சாம்பலாயின. அந்த மண்ணின் இதழ்களையும் மலர்களையும் இன்று எவரும் திறந்து படிக்கும்படி வைத்திருப்பது, 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம்.

நான் அதிகம் தங்குவது, பழைய நூல்களை இணையத்தில் சேர்க்கும் விக்கிமூலத்தில். படிக்க மட்டுமல்ல, திருத்தவும் அங்கே இடம் உண்டு. திரையின் ஒரு பாதியில் பழைய நூலின் ஒளிவருடல்; மறு பாதியில் கணினி அதிலிருந்து தானாகப் பிரித்தெடுத்த எழுத்துகள். துணைக்காலை ‘ர’ என்று கணினி எடுத்துக்கொள்ளும். ‘பாடம்’ ‘பரடம்’ ஆகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூலென்றால், பழைய வடிவில் இருக்கும் லை, னை, றா எல்லாம் அதைத் தடுமாறச் செய்யும். மனிதக் கண் வந்துதான் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். யாரும் தொடாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சை.

இந்த வேலையில் தாவிப் படிக்க வழியில்லை. திரு.வி.க.வின் உரைநடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் கண்ணுக்கு அவருடைய குட்டிக் குட்டி வாக்கியங்கள் சொன்னதையே சொல்வதுபோலத் தெரியும். புள்ளி புள்ளியாக ஒப்பிட்டுக்கொண்டு போனால், ஒவ்வொரு வாக்கியமும் முந்தியதிலிருந்து ஓர் அடி எடுத்து வைத்திருப்பது புலப்படும். 1918-இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்காக உழைத்தவர் அவர். திரளாக நிற்கும் கூட்டத்துக்குப் பேசிப் பழகியவரின் மூச்சளவு அந்த வாக்கியங்களில் இருப்பதாகவே நான் எண்ணுகிறேன். நூலகத்தில் அவரைப் படித்த நாட்களில் கேட்காத அந்தக் குரல், கணினித் திரையில்தான் எனக்குக் கேட்டது.

மெதுவாகப் படிக்கும் பழக்கம் படிப்போடு நிற்பதில்லை. மூலத்தைப் பார்க்காமல் ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது என்று கை பழகிவிட்டால், குடும்பக் குழுவுக்கு வரும் ‘உடனே பகிருங்கள்’ செய்தியை அப்படியே தள்ளிவிட மனம் வராது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று தேடத் தோன்றும். பாதிக்குமேல் பழைய செய்தியாகவோ பொய்யாகவோ இருக்கும். ஊரிலிருந்து அம்மா பேசும்போதும் வித்தியாசம் தெரிகிறது. அவர் ஒரு விஷயத்துக்கு வருவதற்குள் நான்கு வீட்டுக் கதை சொல்லுவார். இப்போதெல்லாம் ‘சரிம்மா, விஷயத்தைச் சொல்லுங்க’ என்று நான் குறுக்கிடுவதில்லை. அந்த நான்கு வீட்டுக் கதையில்தான் அவருடைய நாள் இருக்கிறது.

கவனத்தை இப்படி மீட்டுக்கொள்ளத் தியானமோ விரதமோதான் வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். பலன் கண்டவர்கள் செய்யட்டும். எனக்கு, பிறருக்குப் பயன்படும் ஒரு பக்கம் கையில் இருந்தால்தான் மனம் நிற்கிறது. தப்பாக விட்டால் நாளை அதைத் தேடிவரும் மாணவருக்குத் தப்பாகவே போய்ச்சேரும் என்ற பொறுப்பு கண்ணைத் திறந்து வைக்கிறது.

தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்தால் போதும், கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளும் விக்கிமூலத்தில் உட்காரலாம். மெய்ப்புப் பார்த்தவரே தம் பக்கத்தைப் பச்சையாக்க முடியாது என்பது அங்கே விதி. அதனால் மஞ்சளாகவே நிற்கும் பக்கங்கள் ஏராளம்.