நுண்பால்மங்களின் அமைப்பும் சமவாய்ப்புப் புல மாதிரியும்

நுண்பால்மம் என்பது நீரும் எண்ணெயும் சோப்பு போன்ற பால்மக் காரணியின் துணையால் தாமாகவே கலந்து உருவாகும், ஒளி ஊடுருவும், நிலைத்த நீர்மம் ஆகும். இதன் உள்ளமைப்பு ஒழுங்கற்றது. கணந்தோறும் மாறிக்கொண்டே இருப்பது. இத்தகைய அமைப்பைப் புள்ளியியல் வழியில் விவரிக்கும் முறைகளுள் ஒன்றே சமவாய்ப்புப் புல மாதிரி.

பால்மமும் நுண்பால்மமும்

பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரங்கள் தென்னைக்குப் பெயர்பெற்றவை. பொள்ளாச்சிப் பகுதித் தோப்புகளில் 2016ஆம் ஆண்டு சுருள் வெள்ளை ஈயின் தாக்குதல் கண்டறியப்பட்டது. இப்பூச்சிக்கு எதிராகத் தெளிக்கப்படுபவற்றுள் வேப்பெண்ணெயும் ஒன்று. எண்ணெய் நீரில் கரையாது என்பதால் சோப்புக் கரைசலோ ஒட்டும் திரவமோ சேர்த்துக் கலக்குகின்றனர். கலவை பால்போல் வெண்மையாகிறது. சற்று நேரம் விட்டால் எண்ணெய் மேலே மிதக்கிறது. இது சாதாரணப் பால்மம். இதிலுள்ள எண்ணெய்த் துளிகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குப் பெரியவை.

நுண்பால்மத்தில் நீர், எண்ணெய்ப் பகுதிகளின் அளவு ஏறத்தாழ 10 முதல் 100 நானோமீட்டர். இது ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதாதலால் கலவை தெளிவாகத் தெரிகிறது, பிரிவதும் இல்லை. இவ்வகைக் கலவைகளை ஹோர், ஷுல்மன் இருவரும் 1943இல் விவரித்தனர்.

துளியா, பஞ்சா?

எண்ணெய் குறைவாக இருந்தால் அது நீருக்குள் துளிகளாக இருக்கும். இரண்டும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தால்? நீரும் எண்ணெயும் பஞ்சின் துளைகளும் சுவர்களும் போல ஒன்றையொன்று பின்னி, இரண்டுமே தொடர்ச்சியாக அமையலாம் என்று 1976இல் ஸ்கிரிவன் எடுத்துரைத்தார். இது இருதொடர் அமைப்பு எனப்படும். இதற்குத் துளிக் கணக்கு பொருந்தாது.

சமவாய்ப்புப் புலம்

ஆனைமலை அடிவாரத்திலுள்ள ஆழியாறு அணையை எடுத்துக்கொள்ளலாம். அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. நீர்த்தேக்கத் தரையின் ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் உயரம் உண்டு. இடந்தோறும் ஓர் எண்ணைத் தருவதே புலம். நீர்மட்டத்திற்குக் கீழுள்ளது நீராகவும் மேலுள்ளது நிலமாகவும் பிரிகிறது. இரண்டிற்கும் எல்லை கரைக்கோடு. நீர்மட்டம் மாறினால் கரைக்கோட்டின் வடிவமும் மாறும்.

நுண்பால்ம மாதிரியும் இவ்வாறே செயல்படுகிறது. வெவ்வேறு திசைகளில் செல்லும் எண்ணற்ற அலைகளைச் சமவாய்ப்பு முறையில் கூட்டினால் முப்பரிமாணக் காஸ்ஸியன் புலம் கிடைக்கும். ஜான் கான் 1965இல் உலோகக் கலவைகளின் பிரிதலுக்குக் கையாண்ட இம்முறையை, 1987இல் பெர்க் சிதறல் ஆய்வுக்கு விரிவுபடுத்தினார். குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழுள்ள பகுதி நீர், மேலுள்ளது எண்ணெய், எல்லைப்பரப்பு பால்மக் காரணியின் படலம். நீர், எண்ணெய் விகிதத்திற்கு ஏற்ப வெட்டுமட்டம் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

தட்டையான வரைபடத்தில் நீர் எங்கும் தொடர்ந்தால் நிலம் தீவுகளாகத் துண்டுபடும். முப்பரிமாணத்திலோ, ஆற்றின் மேல் பாலம் செல்வதுபோல, இரண்டும் அறுபடாமல் தொடர முடியும். காஸ்ஸியன் புலத்தில் ஒரு பகுதி சுமார் 16 விழுக்காட்டைத் தாண்டினாலே தொடர்ச்சி பெற்றுவிடுகிறது.

சோதனையுடன் ஒப்பீடு

கூட்ட வேண்டிய அலைகளின் நீளத்தைச் சிறுகோண நியூட்ரான் சிதறல் காட்டித் தருகிறது. இந்தியாவில் இவ்வகை அளவீடுகளுக்கு மும்பை டிராம்பேயிலுள்ள துருவா அணு உலை பயன்படுகிறது. டாய்ப்னர், ஸ்ட்ரே இருவரும் 1987இல் தந்த சூத்திரம் சிதறல் வளைவை இரண்டு நீளங்களாகச் சுருக்குகிறது. ஒன்று, நீரும் எண்ணெயும் மாறிமாறி வரும் இடைவெளி. மற்றொன்று, அந்த ஒழுங்கு எவ்வளவு தொலைவு நீடிக்கிறது என்பது.

வரம்பும் பயனும்

ஒரே சிதறல் வளைவை வெவ்வேறு அமைப்புகளும் தரக்கூடும். ஆகவே மாதிரி உருவாக்கும் படம் ஒரு நேர்ப்படம் அன்று. அளவீட்டுடன் பொருந்தும் ஒரு சாத்தியம் மட்டுமே. மின்கடத்துதிறன் போன்ற பிற அளவீடுகளும் துணைக்குத் தேவை. உப்புநீர் தொடர்ச்சியாக இருந்தால் மின்சாரம் நன்கு கடத்தப்படும். தனித்தனித் துளிகளாக இருந்தால் கடத்தல் மிகக் குறைவு. மருந்து, பூச்சிக்கொல்லி போன்றவற்றை நுண்பால்மமாகத் தயாரிக்கும்போது, உள்ளிருக்கும் பொருள் எவ்வளவு விரைவில் வெளியேறும் என்பதையும் இந்தத் தொடர்ச்சியே பெரிதும் தீர்மானிக்கிறது.