100 போட்டால் 'கார்ட்' பறக்குமா? பிஸ்டனில் ஓட்டை விழுவது ஏன்?

சென்னை,

பெட்ரோல் பங்கில் "100 ஆக்டேன்" என்ற எழுத்தைப் பார்த்ததும், "அதையே ஊத்துங்கண்ணே, வண்டி பறக்கும்" என்று கேனை நீட்டும் 'கார்ட்' பந்தயப் பையன்கள் உண்டு. காசு பறக்கிறது. வண்டி பறப்பதில்லை.

"பெட்ரோல்னா எல்லாம் ஒண்ணுதானே" என்று கிடைத்ததை ஊற்றுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இன்ஜினே போகிறது.

'கார்ட்' என்பது கூரையும் கதவும் இல்லாத குட்டிப் பந்தய வண்டி. 1956-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல் வெட்டும் எந்திரத்தின் இன்ஜினை மாட்டி முதல் கார்ட்டைச் செய்தார். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கார்ட்டுக்கென்றே தனிப் பந்தயத் தளம் இருக்கிறது.

பலம் அல்ல, பொறுமை

ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலத்தைச் சொல்லும் நம்பர் அல்ல. பொறுமையைச் சொல்லும் நம்பர்.

இன்ஜினுக்குள் பெட்ரோல் கலந்த காற்றை பிஸ்டன் அமுக்குகிறது. அமுக்க அமுக்கச் சூடு ஏறும். பிளக் பொறி விட்டதும் தீ சீராகப் பரவ வேண்டும். பெட்ரோலுக்குப் பொறுமை இல்லையென்றால், தீ போய்ச் சேரும் முன்பே மிச்சக் கலவை தானாகப் பற்றி வெடிக்கும். உள்ளே சுத்தியல் அடி விழும். இதுதான் 'நாக்கிங்'.

மோட்டார் சைக்கிளில் 'டக் டக்' சத்தம் காதில் விழும். ஹெல்மெட்டும் இரைச்சலும் சேர்ந்த கார்ட்டில் எதுவும் கேட்காது. பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும்!

எதற்கு எது?

வாடகைக்கு விடும் கார்ட்டுகளில் பெரும்பாலும் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின். அமுக்கம் குறைவு. அதற்கு 91 ஆக்டேன் போதும். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் கொண்டு வந்த 100 ஆக்டேன் பெட்ரோல், சாதா பெட்ரோலைவிட விலை மிக அதிகம். அதை இந்த இன்ஜினில் ஊற்றுவது தண்டச் செலவு.

பந்தயத்தில் ஓடும் 125 சி.சி. 'ரோட்டாக்ஸ் மேக்ஸ்' இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் கதை வேறு. அதற்குக் குறைந்தது 95 வேண்டும். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயிலும் கலக்க வேண்டும்.

அமெரிக்கப் புத்தகத்தைப் பார்ப்பவர்களும் உஷாராக இருக்க வேண்டும். அங்கே கணக்கு வேறு. அமெரிக்க பங்கில் 87 என்றால், நம் ஊர்க் கணக்கில் சுமார் 91.

எத்தனால் வில்லங்கம்

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் 95 என்று மத்திய அரசு 2025-ல் விளக்கம் கொடுத்தது. அப்படியானால் அதையே கார்ட்டில் ஊற்றலாமே?

அங்கேதான் வில்லங்கம். எத்தனால் எரியக் காற்று குறைவாகவும், எரிபொருள் கூடுதலாகவும் வேண்டும். கார்புரேட்டரில் பழைய ஜெட்டே இருந்தால் எரிபொருள் பற்றாது. சூடு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆக்டேன் சரியாக இருந்தும் இன்ஜின் காலி.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நாள்பட்ட கேனில் தண்ணீர் அடியில் தங்கிவிடும்.

மண்ணெண்ணெய் கலப்படமோ இதைவிட மோசம். ஆக்டேன் நம்பரையே அது கீழே தள்ளிவிடும்.

ஆகவே, முதலில் இன்ஜின் கம்பெனியின் புத்தகத்தில் உள்ள நம்பரைப் பார்க்க வேண்டும். எத்தனால் எவ்வளவு தாங்கும் என்றும் பார்க்க வேண்டும். நம்பகமான பங்கில் பிடித்து, மூடி இறுகிய கேனில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போகிறவருக்கும் இதே கணக்குதான். புத்தகம் கேட்காத ஆக்டேனுக்குக் கொடுக்கும் காசு, புகையோடு போகும் காசு!